மூணு வயசுக்கு மூணு கோடு

மலையிலிருந்து வந்த நூற்றெட்டு வண்டி கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்குள் நுழைந்தபோது காலை ஏழேகால். பின்கதவு முழுதாகத் திறப்பதற்குள் பாவாயி குழந்தையோடு கீழே குதித்துவிட்டாள். மூன்று வயதுப் பிள்ளை, பூமாலை என்று பெயர். தலை தாயின் முழங்கைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. மார்கழிப் பனியில் நனைந்த கம்பளி ஒன்று காலோடு சுற்றிக்கிடந்தது.

குழந்தைகள் பிரிவில் பணியிலிருந்தவன் அறிவுச்செல்வன் என்ற இளம் டாக்டர். விரல் நுனியில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தான். கருவி இருபத்தொன்று என்றது. நம்பாமல் இன்னொரு விரலில் குத்தினான். பத்தொன்பது. குளுகோஸ் ஏற்றுவதற்கு நரம்பு தேடிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைக்கு வலிப்பு வந்தது. வாயைத் துடைக்கக் குனிந்தவன் சட்டென்று நிமிர்ந்து பாவாயியைப் பார்த்தான்.

"பிராந்தி வாட அடிக்குது. கொழந்தைக்கா குடுத்த?"

"சளிங்க. மூணு நாளா ஒண்ணும் துன்னல. ராதிகா டாக்டர கூப்புடுங்க, அவங்களுக்குத் தெரியும்."

"அவங்களுக்கு இன்னா தெரியும்?"

"அளவு தெரியும்ங்க."

ராதிகா அந்த மருத்துவமனையில் வேலை செய்பவள் அல்ல. சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர். வாரத்தில் மூன்று நாள் இங்கே வந்து, மாடியில் ஒதுக்கிக் கொடுத்த ஓர் அறையில் படிவங்களோடு உட்கார்ந்திருப்பாள். குழந்தைகளுக்கும் போதைக்கும் உள்ள உறவுதான் அவளுடைய ஆய்வு. எந்த வயதில் முதல் வாய், யார் கையால், எவ்வளவு, எதற்காக. சொந்த ஊர் சின்னசேலம் என்பதால் இந்த மாவட்டத்துப் பேச்சு அவளுக்குப் பழக்கம். தகவல் கிடைத்து அவள் வந்து சேர்ந்தபோது எட்டாகப் பத்து நிமிடம். அதற்குள் பூமாலையின் தொண்டையில் குழாய் இறங்கியிருந்தது. கண்ணிமையைத் தூக்கி வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். கருமணி சோம்பலாக, வேண்டாவெறுப்பாகச் சுருங்கியது. மூளை அடங்கிக்கொண்டிருக்கிறது என்ற அதன் அர்த்தம் அவளுக்கும் அறிவுச்செல்வனுக்கும் தெரியும்.

பாவாயி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நீலப் பிளாஸ்டிக் மூடியை எடுத்து நீட்டினாள். காய்ச்சல் மருந்துப் புட்டியின் தலையில் இருக்குமே, அந்த மாதிரி. உள்ளே ஆறு கோடுகள்.

"கோட்டுக்கு மேல ஒரு சொட்டு ஊத்தலீங்க டாக்டரம்மா. கண்ணுக்கு நேரா புடிச்சிப் பாத்துதான் ஊத்துனன்."

"எந்தக் கோடு?"

"மூணாவது. இவளுக்கு மூணு வயசுதானேங்க. மூணு வயசுக்கு மூணு கோடு."

"எத்தனை தடவை?"

"பொழுது சாய ஒருவாட்டி, படுக்கறப்ப ஒருவாட்டி, விடியக்காத்தால இருமுனப்ப ஒருவாட்டி. மூணு வேளைக்கு மேல குடுக்கல. உங்க தாளுலயும் மூணுதானே போட்டிருந்துச்சி?"

ராதிகா மூடியை வாங்கிக்கொண்டாள். அதன் அடியில் ஆய்வு எண் ஒட்டியிருந்தது. நூற்றெழுபத்தாறு. ஒட்டியது அவளே. ஐப்பசியில், மாடி அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, தாள்கள் பறக்காமல் ஒட்டிய இருநூற்றுப் பன்னிரண்டு எண்களில் ஒன்று.

"சாராயம்லாம் இல்லீங்க," என்று பாவாயி அவசரமாகச் சேர்த்தாள். "கருணாபுரத்துல அத்தினி பேரு செத்தப்புறம் யாருங்க அதத் தொடுவா. கடை சரக்கு. கவர்மெண்ட்டு சீலு போட்டது. எங்க வூட்டுக்காரரு கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போறதுக்கு முன்ன வாங்கி வச்சது. புதுசு."

நல்ல சரக்கு, சரியான அளவு, சொன்ன வேளை. ஒரு தாய் இதைவிட என்ன கவனமாக இருக்க முடியும்?

ராதிகா மூடியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

*

முதல் வருடத்துப் படிவங்களில் அளவு என்ற கட்டத்துக்கு நேரே 'கொஞ்சம்' என்றுதான் இருக்கும். 'வெரல் நனையறாப்ல.' 'துணியில தொட்டு.' 'நாக்குல தடவற மாரி.' மலையில் பனி இறங்கும் மாதங்களில் சளி பிடித்த பிள்ளைக்கு நாலு சொட்டு கொடுப்பது காலங்காலமாக உண்டு. மலையில் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. கீழ்நாட்டு வீடுகளிலும் அலமாரியின் பின்வரிசையில், பிள்ளை மருந்து என்ற பெயரில் ஒரு குட்டிப் புட்டி இருக்கத்தான் செய்தது. கேட்டால் தேனில் குழைத்துக் கொடுப்பதாகச் சொன்னார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆய்வின் தலைவர் பேராசிரியர் தீனதயாளன் அந்தப் படிவங்களைப் புரட்டிவிட்டு, "கொஞ்சம்னா என்னம்மா? இதை வச்சு ஒரு பட்டியல்கூடப் போட முடியாது. எனக்கு மில்லியில வேணும்" என்றார். அதற்குத்தான் மூடிகள். வீட்டுக்கு ஒன்று. கொடுக்கும்போது அதில் ஊற்றிப் பார்த்து, எத்தனையாவது கோடு என்று சொன்னால் போதும். யோசனை ராதிகாவுடையது. தீனதயாளன் பாராட்டினார்.

வெள்ளிமலையில் ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்து, வீடுவீடாகப் போகவேண்டிய பதினொரு பெண்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. பாவாயியின் ஊரான தும்பைப்பட்டுக்குப் பவானி. பன்னிரண்டாவது வரை படித்த, வாய்த்துடுக்குள்ள பெண். மலையிலேயே பிறந்து மலையிலேயே வாழ்க்கைப்பட்டவள். ராதிகா அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: முகம் சுளிக்கக் கூடாது. ஐயோ என்று சொல்லக் கூடாது. வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. நாம் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் அவர்கள் மறைக்க ஆரம்பித்துவிடுவார்கள். முதல் ஆறு மாதம் கேட்பது மட்டும்தான் வேலை. அறிவுரை அதற்கப்புறம்.

பெண்கள் கூச்சப்படாமல் இருக்க ஒரு கதையும் சொன்னாள். அவளுடைய அம்மா அவளுக்குச் சளி பிடித்தபோதெல்லாம் தேனில் பிராந்தி குழைத்துக் கொடுத்து வளர்த்த கதை. கூடம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் அன்று அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. இவர்களோடு கலந்துவிட்டோம் என்ற பெருமை.

*

மருத்துவமனை தகவல் கொடுத்ததால் பத்து மணிக்கு எஸ்.ஐ. பகலவன் வந்தார். கூட ஒரு ரைட்டர், கையில் அட்டை. நடைபாதை பெஞ்சில் பாவாயியை உட்காரவைத்து விசாரித்தார்கள். ராதிகா வார்டு வாசலில் நின்றிருந்தாள்.

"நீ குடிப்பியா?"

"இல்லீங்க."

"ஊது."

பாவாயி ஊதினாள். ஒன்றும் இல்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை.

"பச்சப் புள்ளைக்கு அரை கிளாசு பிராந்திய ஊத்திட்டு, நீ மட்டும் சுத்தமா?"

"அரை கிளாசு இல்லீங்க. மூணு கோடு. மூடியில அளந்துதான்."

"இன்னா மூடி?"

"டாக்டரம்மா குடுத்த மூடிங்க. அவங்க கையிலதான் இருக்குது."

பகலவன் சிரித்துவிட்டார். ரைட்டரும் சிரித்தார். "கேட்டுக்கினியாய்யா? டாக்டரே மூடி குடுத்து ஊத்தச் சொன்னாங்களாம். இந்தக் கூத்து இங்கதான் நடக்கும்." பிறகு ராதிகாவின் பக்கம் திரும்பி, மரியாதையாக, "இப்பிடித்தான் மேடம். மாட்டிக்கினா யாரையாச்சும் கை காட்டணும்" என்றார்.

அது ஒரு கேள்வி இல்லை. ஆனாலும் பதிலுக்கான இடம் அதில் இருந்தது. பாவாயி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் கெஞ்சாத பார்வை. கணக்குத் தெரிந்தவர்கள் சரிபார்க்கக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது போன்ற பார்வை. ராதிகாவின் கை கோட்டுப் பைக்குள் இருந்தது. மூடியின் விளிம்பு விரலில் பட்டது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் என்று பிறகு பலமுறை யோசித்துப் பார்த்தாள். ஐந்து விநாடி இருக்கலாம். பத்துகூட இருக்கலாம். ஒரு நர்ஸ் தள்ளுவண்டியோடு கடந்து போனாள், பாவாயி காலை மடக்கி வழிவிட்டாள். அதற்குள் பகலவன் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"வூட்ல இன்னும் புள்ள இருக்குதா?"

"பெரியவ கண்ணகி. ஆறு வயசு. பக்கத்து வூட்ல விட்டுட்டு வந்தன்."

"அவளுக்கும் ஊத்துனியா?"

"அவளுக்குச் சளி இல்லீங்க."

"குழந்தை நலக் கமிட்டிக்கு எழுதணும்யா," என்றார் பகலவன் ரைட்டரிடம். "பெரிய புள்ளைய ஹோம்ல விடறாப்ல இருக்கும். இவள எங்கியும் அனுப்பாத."

தன் மௌனத்தைப் பற்றி ராதிகாவுக்கு ஓர் உயர்ந்த எண்ணம் இருந்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் பேசுவார்கள் என்பதுதான் அவளுடைய தொழில்முறையே. கருணாபுரத்தில் அப்பனையும் அம்மாவையும் ஒரே நாளில் இழந்த பிள்ளைகளுக்கு எதிரில் மணிக்கணக்காக வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் ஒரு சிறுமி, காலிச் சாராயப் பாக்கெட்டில் மிச்சமிருந்ததைத் தானும் உறிஞ்சிப் பார்த்ததைச் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக இரண்டு மாதம் காத்திருந்தது நியாயம் என்றுதான் நினைத்திருந்தாள். தன்னுடைய மௌனம் ஒரு நாற்காலி மாதிரி, எதிரில் இருப்பவர் உட்கார்ந்துகொள்ளட்டும் என்று போட்டு வைப்பது, என்று ஒருமுறை கட்டுரையில்கூட எழுதியிருக்கிறாள். இப்போது யோசித்தால் அந்த வாக்கியம் கூசியது.

வார்டுக்குள் திரும்பிப் போனாள். பூமாலைக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. வலிப்பு நிற்கவில்லை.

அப்போதுதான் மீதி மூடிகள் நினைவுக்கு வந்தன. இருநூற்றுப் பதினொன்று. மார்கழி.

*

தும்பைப்பட்டுக்குக் கிளம்பிய ஜீப்பில், கச்சிராயபாளையம் தாண்டும்வரை ராதிகா மற்றப் பத்து ஊர்ப் பெண்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டாள். மூடியை உடனே திருப்பி வாங்குங்கள், ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாதென்று சொல்லுங்கள். ஒருத்தி, "இப்ப சொல்லலாங்களா மேடம்?" என்று கேட்டாள். கரும்பு லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றபோது தீனதயாளன் கூப்பிட்டார். பவானி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாடி அறையில் சம்பளப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவேண்டும் என்று காலையிலேயே கீழே வரச்சொல்லியிருந்தார்கள். போட்டுவிட்டுத் திரும்புகிறாள்.

"ராதிகா, மூடியைத் திரும்ப வாங்கறீங்களாமே? யாரைக் கேட்டு?"

"சார், வயசுக்கு ஒரு கோடுன்னு நெனச்சுக்கிட்டு ஊத்தறாங்க."

"ஒரு கேஸ். ஒரே ஒரு கேஸ். குழந்தைக்குச் சாப்பாடு இல்ல, எடை குறைச்சல், ஏற்கெனவே காய்ச்சல். காரணம் ஆயிரம் இருக்கும். நெறிமுறைக் குழு கூடட்டும், அதுவரைக்கும் எதையும் எழுத்துல குடுக்காதீங்க. போலீஸ்கிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"நல்லது. அப்படியே இருங்க. நானே வந்து பாத்துக்கறேன். மூணு வருஷத்து வேலைம்மா."

அவர் கெட்டவர் இல்லை. இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்காக அவர் அலைந்த அலைச்சலை அவள் பார்த்திருக்கிறாள். அதனாலேயே அந்த 'நல்லது' அதிகமாக உறுத்தியது.

மலை ஏறத் தொடங்கியதும் சிக்னல் போய்விட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் பவானி கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். பாதி மலை ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நான் கேட்டன் மேடம்."

"என்ன கேட்ட?"

"வெள்ளிமலைல. ரெண்டாவது நாளு. மேடம், இத்த குடுக்கறது தப்புன்னு சொல்லிட்டே மூடிய குடுக்கட்டுமான்னு கேட்டன். நீங்க சிரிச்சிக்கினே, இப்ப இல்ல பவானின்னீங்க."

ராதிகாவுக்கு நினைவிருந்தது. சிரித்ததுகூட நினைவிருந்தது.

"வூடு வூடா போயி மூடிய குடுத்து, கண்ணுக்கு நேரா புடிக்கணும்னு சொல்லிக் குடுத்து, எந்தக் கோடு, எத்தினி வேளைன்னு கேட்டு எழுதிக்கினு வந்தா, அவங்க இன்னா நெனைப்பாங்க? நர்சம்மா காச்ச மருந்து குடுக்கறப்ப இதே மாரி மூடிலதான குடுக்கறாங்க. ஒரு வயசுக்கு ஒரு கோடு, ரெண்டு வயசுக்கு ரெண்டு கோடுன்னு. நான் வாயத் தொறந்து வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." முடிக்காமல் கம்பியை மாற்றிப் பிடித்தாள். "எனக்கும் ரெண்டு இருக்குது மேடம். நான் குடுக்கல. எனக்கே தெரிஞ்சிருக்குது பாருங்க, குடுக்கக் கூடாதுன்னு. அப்பவும் சொல்லல."



*

தும்பைப்பட்டில் நாற்பத்தொரு வீடுகளில் மூடி கொடுத்திருந்தார்கள். சாமை அறுப்பு முடிந்து தட்டைகள் குவிந்திருந்த களத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். பாவாயி பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. "பார்த்துக்கிட்டிருக்காங்க" என்றாள் ராதிகா. மூடியைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் முகங்கள் மாறின.

பெரியநாயகி என்ற பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "குடுத்தத திருப்பிக் கேக்கறது இன்னா மொறைங்க டாக்டரம்மா? எங்க வூட்டு ஆளுக்கே இப்ப அதுலதான் அளந்து ஊத்தறன். ஆறு கோடு, அதோட நிறுத்துன்னு சொல்லிட்டன். டாக்டரு சட்டம்னதும் மனுசன் மூச்சு வுடல."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"ஏழாவது கோடு எங்கடின்னு தேடறாரு," என்றாள் இன்னொருத்தி.

"பிள்ளைகளுக்கு?" என்று ராதிகா கேட்டாள்.

"வயசு கணக்குத்தாங்க. முன்னெல்லாம் பயந்து பயந்து வெரல்ல தொட்டு வைப்போம். ஜாஸ்தி ஆயிடுமோன்னு பயம். உங்க மூடி வந்தப்புறம் அந்தப் பயம் இல்ல." பெரியநாயகி இதை நன்றியோடுதான் சொன்னாள். "நீங்களே அப்பிடி குடிச்சி வளந்தவங்களாமே. பவானி சொன்னா. பாரு, அதான் இத்தினி படிப்புன்னு பேசிக்குவோம்."

பவானி தலையைக் குனிந்துகொண்டாள்.

விரலில் தொட்டு வைத்தவர்கள். அவர்களுக்கு ஒரு பயம் இருந்தது. எழுதப்படாத, எந்தக் கட்டத்திலும் அடங்காத அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லுக்குள்தான் அந்தப் பயம் இத்தனை தலைமுறையாகக் குடியிருந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்றி வந்தது அதுதான். மூடி அந்தப் பயத்தை எடுத்துப் போட்டுவிட்டது.

"கேளுங்கம்மா," என்றாள் ராதிகா. "பிள்ளைகளுக்குக் குடுக்கவே கூடாது. ஒரு கோடு இல்ல, அரைக் கோடு இல்ல, வெரல்ல தொட்டும் வேணாம். பூமாலைக்கு அதுனாலதான் இப்படி ஆச்சு."

சாமைத்தட்டையைக் கடித்துக்கொண்டிருந்த ஆடு ஒன்று தும்மியது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஓர் இளம்பெண் இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கி, அதன் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு வீட்டைப் பார்த்து நடந்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். கொஞ்ச நேரத்தில் மூடிகள் வந்து சேர ஆரம்பித்தன. சில கழுவி, சில கழுவாமல். ஒன்றில் தேன் ஒட்டியிருந்தது.

பள்ளிக்குப் பின்னால் உள்ள பாறையில் ஏறினால் சிக்னல் கிடைக்கும் என்று பவானி போனாள். திரும்பி வரும்போது அவள் நடையைப் பார்த்தே ராதிகாவுக்குத் தெரிந்துவிட்டது. பவானி பக்கத்தில் வந்து நின்று, செருப்பில் அப்பிய மண்ணைக் கல்லில் தேய்த்தாள். வெகுநேரம் தேய்த்தாள்.

"ரெண்டே முக்காலுக்காம் மேடம்."

களத்தில் அறுபது வயதுள்ள ஒருத்தி முதலில் புரிந்துகொண்டு ஓலமிட்டாள். பாவாயியின் பெரிய பெண் கண்ணகி பக்கத்து வீட்டு வாசலில் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தது. ஓலம் கேட்டு, மேலே எறிந்த கல்லைப் பிடிக்காமல் நிமிர்ந்து பார்த்தது.

அந்தப் பிள்ளையை ஹோமுக்குக் கூட்டிப்போக வண்டி வரும். இன்றோ நாளையோ. அப்பன் கருப்பண்ணன் கேரளாவிலிருந்து வந்து சேர்வதற்குள் தாய் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். ராதிகா ஐந்து விநாடி வாயைத் திறந்திருந்தால் அது நடக்காது. இனியும்கூடத் திறக்கலாம். பூமாலைக்கு மட்டும்தான் நேரம் முடிந்துபோயிற்று.

"பவானி, மூடிகளை அந்தப் பையில போடு. கெளம்பலாம்."

"எங்க மேடம்?"

"ஸ்டேஷனுக்கு."

*

காவல் நிலையத்தில் பாவாயி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மருத்துவமனையிலிருந்து நேரே கொண்டுவந்துவிட்டார்கள். பிள்ளையின் உடம்பு பரிசோதனைக்குப் போயிருந்தது. மடியில் அந்தக் கம்பளி மட்டும். அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள் என்றும் தோன்றவில்லை. அழுகைக்கு முன்னாலேயே எங்கோ நின்றுவிட்டாள் போலிருந்தது.

ராதிகா பையைப் பகலவனின் மேஜைமேல் கவிழ்த்தாள். நாற்பது நீல மூடிகள். ஒன்றிரண்டு உருண்டு கீழே விழுந்தன. கோட்டுப் பையிலிருந்து நூற்றெழுபத்தாறாம் எண்ணை எடுத்துத் தனியாக வைத்தாள்.

"இது நான் குடுத்தது. காலையில அவங்க சொன்னது உண்மை. அப்போ நான் சொல்லல."

பகலவன் ஒரு மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கதவைச் சாத்தும்படி ரைட்டரிடம் சாடை காட்டினார்.

"மேடம், உக்காருங்க. கொழம்பிக்கினு இருக்கீங்க. புள்ள செத்துப்போச்சி, மனசு கஷ்டம், சரி. இத்த எழுதுனா கேசு உங்க பக்கம் திரும்பும். உங்க ஆபீசுக்குத் திரும்பும். பேப்பர்காரன் இன்னா எழுதுவான் தெரியுமா? இவளுக்கு எப்பிடியும் பெயில் வந்துரும்."

"பெரிய பொண்ண ஹோமுக்கு அனுப்பக் கூடாது. அதுக்கு இது போதுமா?"

அவர் யோசித்தார். "நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, வேணும்னு செஞ்சது இல்லன்னு எழுதலாம். இவள வூட்டுக்கு அனுப்பலாம். அப்புறம் விசாரணை உங்களுக்கு."

"எழுதுங்க."

ரைட்டர் தாளைப் புரட்டினார். ராதிகா சொல்லச் சொல்ல எழுதினார். ஆய்வின் பெயர், மூடி கொடுத்த தேதி, எண். இடையில் அவளுடைய போன் மூன்று முறை அடித்தது. திரையில் தீனதயாளன். அவள் எடுக்கவில்லை.

சுவரோரமிருந்து பாவாயியின் குரல் வந்தது. இவ்வளவு நேரமும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"டாக்டரம்மா, அப்ப எத்தினி கோடுங்க ஊத்தியிருக்கணும்? ரெண்டா?"

ரைட்டரின் பேனா நின்றது. ராதிகா எழுந்து போய் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கூட இல்ல பாவாயி. குடுக்கவே கூடாது. எந்த வயசுலயும்."

பாவாயி ராதிகாவைத் தாண்டி, வாசலில் நின்ற பவானியைப் பார்த்தாள்.

"நீ எங்கிட்ட இத்த சொல்லலியே புள்ள. நாலு வாட்டி வந்தியே. அடுப்புகிட்ட குந்திக்கினு காப்பி குடிச்சியே."

பவானி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ சொல்லணும்னுதான் கேட்டா," என்றாள் ராதிகா. "சொல்லக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்."

"ஏங்க?"

அந்தக் கேள்விக்கு ஆய்வின் முன்னுரையில் நான்கு பக்கப் பதில் இருந்தது. ராதிகாவே எழுதியது. அதில் ஒரு வரியைக்கூட இந்தத் தரையில் உட்கார்ந்து சொல்ல முடியாது என்று தெரிந்தது. "நீங்க மறைச்சிடுவீங்கன்னு நெனச்சேன்," என்றாள் கடைசியில்.

"நான் இன்னாத்தங்க மறைச்சன்?" என்றாள் பாவாயி.

வெளியே சேலம் பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போயிற்று. ரைட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எஸ்.ஐ.யைப் பார்க்காமல், ராதிகாவைப் பார்த்துக் கேட்டார்.

"சொல்லக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னதா, இதையும் எழுதணுங்களா மேடம்?"

"எழுதுங்க. மொதல்ல அதை எழுதுங்க."